பூச்சியம் வந்தால் ஏன் காரணி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் கணக்கு நோட்டை நீட்டினாள். “மாமா, 1 போட்டா பூச்சியம் வருது, சரி. அதுக்காக அது எப்படிக் காரணி ஆகும்?”

அருமையான கேள்வி. ஒரு கோவையில் ஓர் எண்ணைப் போட்டுப் பூச்சியம் வந்தால், (அ − அந்த எண்) அந்தக் கோவையை மீதியின்றி வகுக்கும், அதாவது அதன் காரணி என்பதுதான் காரணித் தேற்றம். அதன் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அவள் கணக்கு இது (எக்ஸுக்குப் பதில் ‘அ’ என்று எழுதுகிறேன்):

அ³ − 4அ² − 7அ + 10

தட்டில் இருந்த பண்ருட்டி முந்திரியில் 17 பருப்பை எண்ணி எடுத்தேன். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3, மீதி 2. அதாவது 17 = 5 × 3 + 2. இப்படிப் பல உறுப்புகள் கொண்ட பல்லுறுப்புக் கோவையை (அ − 1) ஆல் வகுத்தாலும் இதே அமைப்புதான்:

கோவை = (அ − 1) × ஈவு + மீதி

வகுப்பது ஒருபடிக் கோவை, அதில் ‘அ’வின் அடுக்கு 1தான். ஆகவே மீதியில் ‘அ’ இருக்காது, வெறும் எண்தான். ‘அ’வுக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இந்தச் சமன்பாடு பொருந்தும். சரி, 1 கொடுப்போம். (அ − 1) பூச்சியமாகிவிடும். ஈவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பூச்சியத்தோடு பெருகிக் காணாமல் போகும். கையில் நிற்பது மீதி மட்டும். அதாவது 1 என்று போட்டுப் பார்க்கும்போதே, வகுக்காமல் மீதியைக் கண்டுபிடித்துவிடுகிறோம்! 1 − 4 − 7 + 10 = 0. மீதி இல்லை, எனவே (அ − 1) காரணி.

இந்த உறவை பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1637-இல் வெளியான தம் வடிவியல் நூலில் சொல்லியிருக்கிறார்.

எந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பது? கோவையைப் பூச்சியமாக்கும் முழு எண் இருந்தால் அது கடைசி உறுப்பான 10-ஐ மீதியின்றி வகுத்தாக வேண்டும். ஆகவே 1, 2, 5, 10, அவற்றின் குறை எண்கள், இவ்வளவுதான்.

அப்புறம் ஈவைக் கண்டுபிடிக்கத் தொகுமுறை வகுத்தல், அதாவது கெழுக்களை (‘அ’வுக்கு முன்னால் நிற்கும் எண்களையும் கடைசி எண்ணையும்) மட்டும் வைத்து வகுக்கும் குறுக்குவழி. 1, −4, −7, 10 என்ற கெழுக்களை எழுதி வகுத்தால் 1, −3, −10, மீதி 0. ஈவு அ² − 3அ − 10. அது (அ − 5)(அ + 2).

இங்கேதான் அவள் தடுக்கினாள். −2 போட்டால் பூச்சியம் வருகிறது என்பதால் (அ − 2) என்று எழுதிவிட்டாள். பூச்சியம் −2 என்றால் காரணி அ − (−2), அதாவது (அ + 2). அவள் எழுதிய மூன்று காரணிகளில் உள்ள எண்களை மட்டும் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன்: (−1) × (−5) × (−2) = −10. “கடைசியில +10 இல்ல வரணும்?” என்று அவளே அடித்துத் திருத்தினாள்.