சிறுநீர்க் கசிவுக்கு அறுவை சிகிச்சை: இங்கிலாந்தில் என்ன விதி, என்ன உரிமை?

இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசிவது பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கும் உள்ள தொல்லை. வயதானால் அப்படித்தான் என்று பேட் வைத்தே வருடக்கணக்கில் சமாளிக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்கான சிகிச்சை என்.எச்.எஸ் எனும் அரசு மருத்துவச் சேவையில் இலவசம். உங்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

எடுத்தவுடன் அறுவை சிகிச்சை கிடையாது. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பின் 2019 வழிகாட்டுதல்படி, முதலில் குறைந்தது 3 மாதம் மேற்பார்வையுடன், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி. தினமும் மூன்று வேளை, வேளைக்கு 8 தடவையாவது தசையை இறுக்கித் தளர்த்த வேண்டும். வெறும் தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால் அது மேற்பார்வை ஆகாது. பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பும்படி கேளுங்கள். பலருக்கு இதுவே போதும்.

போதாவிட்டால்? சிறு துளை வழியாகவோ வயிற்றைத் திறந்தோ, சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தையல் போட்டு உயர்த்தலாம். உங்கள் வயிற்றுச் சுவரிலிருந்தே ஒரு திசுப் பட்டையை எடுத்துச் சிறுநீர்க் குழாய்க்குத் தாங்கலாக வைக்கலாம். வெட்டே வேண்டாம் என்றால் சிறுநீர்க் குழாயின் சுவரில் ஊசி மூலம் ஒரு பொருளை ஏற்றலாம். ஆனால் அதைத் திரும்பப் போட வேண்டி வரலாம்.

சிறுநீர்க் குழாய்க்குத் தாங்கலாக வைக்கும் மெஷ் எனும் பிளாஸ்டிக் வலைப் பட்டை தனிக் கதை. சின்ன வெட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று ஆயிரக்கணக்கானோருக்கு வைத்தார்கள். தீராத வலி, பட்டை உள்ளே திசுவை அரித்துத் துளைப்பது என்று புகார்கள் குவிந்தபின், 2018 ஜூலையில் இங்கிலாந்து அதை நிறுத்திவைத்துக் கடும் கட்டுப்பாடுகள் விதித்தது. அந்தப் பெண்கள் சொன்னதை மருத்துவத் துறை பல வருடம் காதில் வாங்கவே இல்லை என்பதை 2020-இல் கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படையாகப் பதிவு செய்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

ஆகவே மெஷ் பற்றிப் பேச்சு வந்தால், அது நிரந்தரமானது, பிறகு முழுவதும் எடுக்க முடியாமல் போகலாம் என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மற்ற வழிகளையும் விளக்க வேண்டும். எதுவும் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஆங்கிலம் சிரமமா? மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதுவும் இலவசம். இந்தப் பேச்சுக்கு மகனையோ மகளையோ அழைத்துப் போனால் பாதியைச் சொல்லாமலே திரும்பிவிடுவீர்கள்.

அப்புறம், ஏற்கெனவே மெஷ் வைத்து வலியோடு இருப்பவர்களுக்கு 2021 முதல் தனிச் சிறப்பு மையங்கள் இயங்குகின்றன. அங்கே அனுப்பச் சொல்லி ஜி.பி.யிடமே கேட்கலாம்.