செட்டியார் போனாரா, தம்பி போனாரா?

‘செட்டியார் தம்பி மனைவி பிள்ளைகளோடு பிள்ளையார்பட்டிக்குப் போனார்.’

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் வந்த உரைப்பத்தியில் ஒரு வரி. போனவர் யார் என்பது கேள்வி. நான் எழுதிக் கொடுத்த படியில் ‘தம்பி’க்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருந்தது; போனவர் செட்டியாரின் தம்பி. தட்டச்சில் அது விழுந்துவிட்டது. பாதிப் பிள்ளைகள் ‘செட்டியார்’ என்று எழுதியிருந்தார்கள். தம்பியின் மனைவி மக்களைச் செட்டியார் அழைத்துப் போனதாகச் சிலர். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை, அத்தனை பொருளும் அந்த வரியில் இருக்கிறது. எல்லாருக்கும் மதிப்பெண் போட்டேன்.

“ஒரு கமாதானே டீச்சர்” என்றார் ஒருவர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் வழக்கில் கல்யாணமான குடும்பத்துக்கே ‘புள்ளி’ என்றுதான் பெயர். கோயில் கணக்கில் ஒரு புள்ளி விட்டுப்போனால் சும்மா இருப்போமா?

இன்னொன்று, காரைக்குடியில் நான் கேட்டுக் கேட்டுச் சலித்தது: “ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறி இருந்ததா? தமிழுக்கு எதற்கு?” ஓலையில் இல்லைதான். மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி வைக்காத ஏடுகள் உண்டு. ஆனால் ஏட்டில் இருந்தது பெரும்பாலும் செய்யுள். எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சீரும் எதுகையும் காட்டின. மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்க ஆசான் பக்கத்தில் இருந்தார், உரைகாரர் இருந்தார். அப்படியும் ஒரே குறளுக்கு உரைகாரர்கள் வேறு வேறு பொருள் கொண்டார்கள். உரைநடையில் எதுகை ஏது? அதனால்தான் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் குறிகளைக் கவனமாகக் கையாண்டார். அவரைவிடவா நாம் தமிழ் கற்றவர்கள்?

‘தம்பியும் மனைவியும்’ என்று உம் போட்டால் குறி இல்லாமலே விளங்கும். ‘தம்பியின் மனைவி’ என்றாலும் விளங்கும். உம்மையை விடுகிறோம், உருபை விடுகிறோம், குறியையும் விடுகிறோம். பிறகு பிள்ளைகளுக்கு வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்று திட்டுகிறோம்.

வினாத்தாள் தட்டச்சு செய்பவர்களே, மூலப்படியோடு ஒப்பிடும்போது குறிகளையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, கட்டுரை திருத்தும்போது ஒற்றுப்பிழையோடு நிறுத்தாதீர்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தினம் பத்து வரி, பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். காற்புள்ளியில் நிற்கிறதா என்று மட்டும் கேளுங்கள், போதும்.

மறுநாள் அதே வரியைக் குறியோடு கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பெண் ‘தம்பி’யில் நின்றாள். மீதியை வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ செட்டியார் போகவே இல்லையா டீச்சர்?”