திரையில் எத்தனை டிஸ்க் தெரிகிறது?

போன மாதம் சிவகாசியிலிருந்து ஓர் அச்சக உரிமையாளர் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தரவு மீட்பு வேலை செய்யும் என்னிடம் மதுரைக்கு வந்தார். ஒன்றின் மேல் ‘நல்லது’ என்றும் மற்றொன்றின் மேல் ‘இதுவும் நல்லது’ என்றும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. காலண்டர் வேலை நெருக்கும் நேரம். மூன்று வாரமாகச் செய்த டிசைன்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கூடவே வந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: “மிரர்தானே சார், இரண்டும் ஒன்றுதானே?”

இந்த ஆண்டில் மட்டும் இதே கேள்வியை நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் கொஞ்சம் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். அச்சகத்தின் முக்கியக் கணினியில் ஒரு டெராபைட் டிஸ்க் இரண்டு இருந்தன. மதர்போர்டிலேயே இருக்கும் ரெய்டு வசதியை (பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் முறை) வைத்து அவற்றை மிரராக, அதாவது ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 ஆக, இணைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை விண்டோஸ் எழவில்லை. மூன்று வாரத்துக்கு முன் எடுத்த இமேஜ், அதாவது டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எடுத்த நகல், ஒரு வெளி டிஸ்க்கில் இருந்தது. (இமேஜ் எடுத்து வைத்திருந்தார்களே, அதற்கே பாராட்ட வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலரிடம் அதுவும் கிடையாது.) தம்பி பென் டிரைவிலிருந்து பூட் செய்தார். இமேஜ் மென்பொருள், டிஸ்க்கே இல்லை என்றது. பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் ரெய்டு என்றிருந்ததை, டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் காட்டும் ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினார். உடனே இரண்டு டிஸ்க்குகள் தெரிந்தன. முதலாவதைத் தேர்ந்தெடுத்து, அதன் சி பிரிவில் மட்டும் இமேஜை இறக்கினார். வேலைக் கோப்புகள் எல்லாம் டி பிரிவில் பத்திரமாக இருக்கும் என்று அவர் நினைப்பு. டிசைனர்கள் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் குவிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் வந்தது. பயாஸை மறுபடி ரெய்டுக்கு மாற்றினார். விண்டோஸ் எழுந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலத்துக்குள் சில ஃபோல்டர்கள் திறந்தன, சில திறக்கவில்லை. திறந்தது அடுத்த முறை திறக்கவில்லை. கணினியை அணைத்துப் போட்டபோது, விண்டோஸின் டிஸ்க் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க் தானாக ஓடி, ஒரு மணி நேரம் எதையெதையோ ‘சரிசெய்தது’. அதற்குப் பிறகுதான் எனக்குத் தொலைபேசி வந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றுதானா? இல்லை. மிரரில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகள் இயல்பாக ஒன்றாக இருப்பவை அல்ல, ஒன்றாக *வைத்திருக்கப்படுபவை*. ரெய்டு கண்ட்ரோலரோ அதன் டிரைவரோ (அதை இயக்க விண்டோஸுக்குத் தேவைப்படும் சிறு மென்பொருள்) எழுத வருவதை எல்லாம் இரண்டிலும் எழுதுவதால்தான் அவை ஒன்றுபோல இருக்கின்றன. அதற்குத் தெரியாமல் ஒன்றில் மட்டும் நீங்கள் எழுதினால் அந்த ஒற்றுமை அந்த நொடியே முடிந்தது. முடிந்தது என்று அதற்குத் தெரியவும் தெரியாது. ஏனென்றால் படிக்கும்போது அது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. வேகத்துக்காக ஒரு துண்டை இதிலிருந்தும் அடுத்த துண்டை அதிலிருந்தும் எடுத்துக் கொடுக்கும்.

ஒரு கணக்குப்பிள்ளை ஒரே கணக்கை இரண்டு பேரேடுகளில் எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு பேரேட்டில் மட்டும் மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கங்களை ஒட்டிவிடுகிறீர்கள். அவர் திரும்பி வந்து அட்டையைப் பார்க்கிறார். முத்திரை சரியாக இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தை இதிலிருந்தும் பதின்மூன்றாம் பக்கத்தை அதிலிருந்தும் படித்துக் கூட்டுகிறார். கூட்டல் எப்படி வரும்? செக்டிஸ்க் என்பவர் அதற்குப் பிறகு வரும் தணிக்கைக்காரர். பொருந்தாத கணக்கைப் பார்த்ததும், தனக்குத் தோன்றியபடி அடித்துத் திருத்தி, அந்தத் திருத்தத்தை மட்டும் ஒழுங்காக இரண்டு பேரேட்டிலும் எழுதிவிட்டுப் போவார்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஒன்று உண்டு. தம்பி ஏஹெச்சிஐ முறையில் முதல் டிஸ்க்கில் எழுதி முடித்த அந்த நிமிடம் வரை, இரண்டாவது டிஸ்க்கில் மூன்று வார டிசைன்களும் ஒரு பைட் குறையாமல் இருந்தன. அதைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தால் போதும். எனக்கு வேலையே இல்லை. மிரரை மறுபடி எழுப்பியதுதான் அந்த டிஸ்க்கைக் கெடுத்தது. இன்னொரு கொடுமை: இந்த வகை ரெய்டு, தன் குறிப்புகளை ஒவ்வொரு டிஸ்க்கின் கடைசி செக்டர்களில் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டுகள்) வைத்திருக்கும். சி பிரிவில் மட்டும் எழுதியதால் அது கலையவில்லை. கலைந்திருந்தால் ‘மிரர் உடைந்துவிட்டது’ என்று கண்ட்ரோலர் அலறியிருக்கும். இரண்டாவது டிஸ்க் தப்பியிருக்கும். கலையாததால் ‘எல்லாம் இயல்பாக இருக்கிறது’ என்று பச்சை விளக்கைக் காட்டியது.

மென்பொருள் கெட்டதா? இல்லை. சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது. இமேஜ் மென்பொருளுக்கு டிரைவர் எதைக் காட்டுகிறதோ அதுதான் உலகம். மதர்போர்டு ரெய்டு பாதி ஃபர்ம்வேரிலும் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பாதி டிரைவரிலும் நடக்கும் காரியம். உங்கள் விண்டோஸுக்குள் அந்த டிரைவர் இருக்கிறது. பென் டிரைவில் இருக்கும் குட்டி விண்டோஸில் அது இல்லாமல் போகலாம். இல்லையென்றால் ஒன்று டிஸ்க்கே தெரியாது, அல்லது உறுப்பு டிஸ்க்குகள் தனித்தனியாகத் தெரியும். முதல் நிலை எரிச்சல். இரண்டாவது நிலை ஆபத்து. லினக்ஸ் அடிப்படையிலான குளோன்சில்லா போன்ற இமேஜ் மென்பொருள்களில் இரண்டாவது நிலை வரலாம்: எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களில் இரண்டும் அடக்கமாக வரிசையில் நிற்கும், ரெய்டு தொகுதியாகக் கூட்டிக் காட்டும் பெயர் இல்லாமலும் போகலாம். 2013 ஏப்ரலில் விற்பனை நிறுத்தப்பட்ட நார்ட்டன் கோஸ்ட் என்ற பழைய இமேஜ் மென்பொருளின் சிடியை இன்னும் பையில் வைத்திருப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

ஆகவே ஒரே ஒரு சோதனை. இமேஜ் மென்பொருள் திறந்ததும், எதையும் அழுத்துவதற்கு முன், எண்ணுங்கள். ஒரு டெராபைட் டிஸ்க் இரண்டு மிரராக இருந்தால் திரையில் ஒரு டெராபைட் டிஸ்க் *ஒன்று* தெரிய வேண்டும். இரண்டு தெரிந்தால் கையை எடுங்கள். நான்கு டெராபைட் டிஸ்க் மூன்று ரெய்டு 5 ஆக (ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போய்விடும் முறை) இருந்தால் எட்டு டெராபைட்டில் ஒன்று தெரிய வேண்டும். மூன்று தெரிந்தால் கையை எடுங்கள். இதற்குக் கணினிப் படிப்பு வேண்டாம். விரல் இருந்தால் போதும்.

டிஸ்க் தெரியவில்லை என்றால் பயாஸில் ஏஹெச்சிஐக்கு மாற்றுவது பரிகாரம் அல்ல. வீடியோவைப் பார்த்துவிட்டு எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் டிஸ்க்குகளைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால், விண்டோஸ் நிறுவும்போதே டிஸ்க் தெரியாமல் போகிறது. அங்கே பயாஸில் அதை அணைத்துப் பழகிய கை, ரெய்டு கணினியிலும் அதே இடத்துக்குப் போய்விடுகிறது. ஒற்றை டிஸ்க் கணினியில் அதனால் வருவது பெரும்பாலும் பூட் ஆகாத நீலத் திரையோடு நிற்கும். ரெய்டில் நிற்காது. தெரியாத டிஸ்க்குக்குச் சரியான மருந்து டிரைவர். மதர்போர்டு நிறுவனத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் ‘எஃப்6 டிரைவர்’ என்று இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நிறுவும்போது எஃப்6 பொத்தானை அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து ஏற்றியதால் வந்த பெயர். ஃபிளாப்பி செத்து வெகுகாலம் ஆகியும் பெயர் மட்டும் சாகவில்லை. மீட்புப் பென் டிரைவைத் தயாரிக்கும்போதே அந்த டிரைவரைச் சேர்க்கும் வசதி நல்ல மென்பொருள்களில் இருக்கிறது. கணினி நன்றாக ஓடும் நாளில் அதைச் செய்யுங்கள். விழுந்த நாளில், இணையமும் இல்லாமல், வாடிக்கையாளர் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடும்போது அல்ல.

தனி ரெய்டு கார்டு போட்ட சர்வர்களில் கவலை கொஞ்சம் குறைவு. கார்டே கூட்டி ஒரே டிஸ்க்காகக் காட்டிவிடும். தேவையான டிரைவர் மட்டும் பென் டிரைவில் இருந்தால் போதும். அங்கே வேறு அபாயம். கார்டு மாற்றியபிறகு ‘வெளி அமைப்பு இருக்கிறது, ஏற்கவா, அழிக்கவா’ என்று கேட்கும். அழி என்பதை அழுத்தாதீர்கள். புதிதாக இனிஷியலைஸ், அதாவது வெறுமையாக்கித் தொடங்குவதை, செய்யவே செய்யாதீர்கள்.

ரெய்டு 0, 5, 6 வைத்திருப்பவர்களுக்கு: ஓர் உறுப்பு டிஸ்க்கை மட்டும் இமேஜ் எடுத்து, ‘ஒன்றாவது கிடைத்ததே’ என்று ஆறுதல் அடையாதீர்கள். தரவு 64 அல்லது 128 கிலோபைட் போன்ற துண்டுகளாக டிஸ்க்குக்கு டிஸ்க் மாறி மாறிக் கிடக்கிறது. தனி டிஸ்க்கில் இருப்பது கிழித்த செய்தித்தாளின் ஒரு பத்தி. பயன்படுத்திய இடத்தை மட்டும் நகலெடுக்கும் ‘புத்திசாலி’ முறையும் அங்கே உதவாது. கோப்பமைப்பே முழுசாகக் கண்ணுக்குப் படாதபோது எது பயன்பட்ட இடம் என்று அதற்கு எப்படித் தெரியும்? மீட்புக்காக எடுப்பதென்றால் ஒவ்வொரு டிஸ்க்கையும், எந்தத் துளையில் இருந்தது என்று எண் எழுதி, செக்டர் செக்டராக எடுக்க வேண்டும். நாங்கள் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்து எடுப்பது அப்படித்தான்.

ஜிபிடி முறையில் பிரித்த டிஸ்க்கில் இன்னொரு வம்பு. ஜிபிடி என்பது டிஸ்க்கின் பிரிவுகள் எங்கெங்கே என்று சொல்லும் அட்டவணை. அது தன் மாற்றுப் பிரதியை டிஸ்க்கின் கடைசி செக்டர்களில் வைக்கும். உறுப்பு டிஸ்க்கின் மேல் முழு இமேஜை இறக்கினால் அது போய் உட்காருகிற இடம் ரெய்டு குறிப்பு இருக்கிற அதே இடமாக இருக்கலாம். பல டிஸ்க்குகளை விண்டோஸே சேர்த்துக் காட்டும் டைனமிக் டிஸ்க், ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் இரண்டும் தனிக் கதை. உங்கள் மென்பொருளின் ஆதரவுப் பக்கத்தில் அவற்றின் பெயர் வெளிப்படையாக இல்லையென்றால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மிரரில் இமேஜை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், நான் செய்வது: முதலில் ஒரு டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிடுவேன். ரெய்டு முறை அப்படியே இருக்க, டிரைவரோடு பூட் செய்து, மீதி ஒற்றை டிஸ்க்கோடு ஒடிந்த நிலையில் தெரியும் அந்த ரெய்டு தொகுதியில் இமேஜை இறக்குவேன். இரண்டு நாள் வேலை செய்து பார்த்தபிறகு, புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி மிரரை மறுபடி கட்டுவேன். பழைய டிஸ்க்கைச் சேர்க்கவே மாட்டேன். ஒரு டிஸ்க் செலவுதானே என்று அச்சக அண்ணாச்சியிடம் சொன்னபோது, “இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு வாங்கியிருப்பேனே” என்றார். அவருடைய டிசைன்களில் பாதிக்குச் சற்று மேல் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து கிடைத்தன. மீதியை டிசைனர்கள் ராத்திரி பகலாக மறுபடி செய்தார்கள்.

ரெய்டு என்ற பெயர் 1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வுக் கட்டுரை ஒன்றில் வந்தது. மலிவான டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து, ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் ஓடச் செய்வதுதான் அதன் நோக்கம். நீங்கள் தவறாக எழுதியதைத் திருப்பித் தருவதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சர்வீஸ் தம்பிமாருக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான்: வெற்றி என்று வந்தவுடன் கிளம்பாதீர்கள். ரெய்டு கணினி என்றால், தொடுவதற்கு முன் பயாஸ் திரையையும் ரெய்டு திரையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு யாரையாவது கூப்பிடுவதில் ஒரு குறைச்சலும் இல்லை; நானும் கூப்பிடுகிறேன்.

ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால், கணினியை அணையுங்கள். இன்னொரு முறை எழுப்பிப் பார்க்காதீர்கள். செக்டிஸ்க் கேட்டால் ரத்து செய்யுங்கள். ‘ஃபார்மேட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எது எந்தக் கேபிளில் இருந்தது என்று எழுதி, எல்லா டிஸ்க்குகளையும் கொண்டு வாருங்கள். கெட்டது என்று நீங்கள் முடிவுகட்டியதையும், போன வருஷம் மாற்றிவிட்டு மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கும் பழையதையும் சேர்த்துத்தான்.