வீட்ல செஞ்ச பேட்ச் மேடையில ஏன் கேக்க மாட்டேங்குது

நான் லைவ் சவுண்ட் இன்ஜினியர். கோயில் திருவிழா லைட் மியூசிக், சர்ச், காலேஜ் கல்ச்சுரல்ஸ்னு பல வருஷமா மிக்சர் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். போன வருஷம் ஒரு திருவிழா கச்சேரில கிட்டார் வாசிச்ச தம்பி இடைவேளைல கீழ இறங்கி வந்து, "அண்ணா, என் சோலோ வெளிய கேக்கவே இல்லைன்னு எங்க வீட்ல சொல்றாங்க"ன்னு கண்ணு கலங்கி நின்னான். ரெண்டு மாசம் உக்காந்து செஞ்ச பேட்ச் அது, அதாவது ஆம்ப், எஃபெக்ட் எல்லாம் அடுக்கி சேமிச்சு வச்ச டோன் செட்டிங்.

அவன் பிராசஸரை (அந்த பேட்ச் இருக்கற, காலால மிதிக்கிற பெட்டி) வாங்கி பாத்தேன், சோலோவுக்குன்னு கரகரப்பு குடுக்கற ஒரு டிரைவ் பிளாக்கை ஆம்ப் பிளாக்குக்கு முன்னாடி போட்டு லெவலை முழுசா ஏத்தி வச்சிருந்தான். இங்கதான் நிறைய பேர் தவறுறாங்க. ஆம்ப் ஏற்கனவே டிஸ்டார்ட் ஆகிட்டு இருக்கு, அதுக்கு முன்னாடி எவ்வளவு சிக்னல் குடுத்தாலும் அது இன்னும் நசுங்கித்தான் வெளிய வரும், கரகரப்பு கூடும், சஸ்டெய்ன் (சுரம் நீண்டு நிக்கறது) கூடும், ஆனா சத்தம் பெருசா கூடாது. சத்தம் கூடணும்னா பூஸ்ட் (லெவலை ஏத்தற பிளாக்) ஆம்பும் கேபும் (ஸ்பீக்கர் பெட்டி) முடிஞ்ச பிறகு வரணும். பூஸ்டை அங்க வச்சு 3 டெசிபல் ஏத்தி, 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் மிட் (பேஸுக்கும் டிரெபிளுக்கும் நடுவுல உள்ள ஒலி) குடுத்தோம், ரெண்டாவது பாதில அவன் சோலோ கடைசி வரிசை வரைக்கும் போச்சு.

செயின்ல, அதாவது இந்த பிளாக் வரிசைல, எதுக்கு அப்புறம் எதுங்கிறது ஒவ்வொரு இடத்துலயும் இப்படி ஒரு காரணத்தோடதான் இருக்கு. எதிரொலி குடுக்கற டிலேவை டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி போட்டா எதிரொலியும் சேந்து டிஸ்டார்ட் ஆகி ஒண்ணு மேல ஒண்ணு குழம்பிடும், அதனாலதான் வழக்கமா வாவ், கம்ப்ரெஸர், டிரைவ், ஆம்ப், கேப், அப்புறம் கோரஸ், டிலே, கடைசில ரிவர்ப் (மண்டபத்துல கேக்கற மாதிரி முழக்கம்). வேணும்னே மாத்தி வாசிக்கிறவங்க இருக்காங்க, தெரிஞ்சு செஞ்சா அதுவும் அழகுதான்.

இன்னொரு பெரிய சிக்கல் ஹெட்ஃபோன். ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் சின்ன சத்தத்துல டோன் செய்றோம். சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸும் டிரெபிளும் குறைவாத்தான் எட்டும், பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே இதை அளந்து காட்டிட்டாங்க. அதனால நம்மளே அறியாம பேஸை ஏத்தறோம், டிரெபிளை ஏத்தறோம், மிட்டை குறைக்கிறோம், கேக்க அவ்வளவு இனிமையா இருக்கும். அதே பேட்ச் மேடை சத்தத்துக்கு வந்தா கீழ பேஸ் கிட்டாரும் டிரம்ஸோட கிக்கும் அந்த இடத்தை புடிச்சிக்கும், மேல சிம்பல் புடிச்சிக்கும், கிட்டாருக்குன்னு மிச்சம் இருந்தது மிட் மட்டும்தான், அதைத்தான் நீங்க வெட்டி எறிஞ்சிட்டீங்க.

அதனால புது பேட்ச் செய்யும்போது காலி பேட்ச்ல ஆம்பும் கேபும் மட்டும் போட்டு ஒரு ஸ்பீக்கர்ல கொஞ்சம் சத்தமா, டிரம்ஸ் பேஸ் டிராக் ஒண்ணை ஓடவிட்டு அதுக்கு மேல வாசிச்சு பாருங்க. லோ கட் (அதுக்கு கீழ உள்ள ஒலியை வெட்டறது) 80ல இருந்து 100 ஹெர்ட்ஸுக்குள்ள வைங்க, கீழ் ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். நிஜ கிட்டார் ஸ்பீக்கர்ல 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினா ஒலி சரசரன்னு விழுந்துடும், அதனால ஹை கட்டையும் 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தைரியமா வைக்கலாம். மிக்சருக்கு நேரா வந்தா கேப் சிமுலேஷன் ஆன்ல இருக்கணும், இல்லன்னா வண்டு காதுக்குள்ள போன மாதிரி கேக்கும். ரிவர்ப் கம்மி பண்ணிடுங்க, நம்ம கல்யாண மண்டபத்துல டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஏற்கனவே வேணுங்கிற அளவு ரிவர்ப் குடுக்குது.

சத்தமா வச்சு செய்யுங்கன்னு சொல்றேன், ஆனா மணிக்கணக்கா வேணாம். 85 டெசிபல்ல 8 மணி நேரம்னு வேலை இடத்துக்கு ஒரு பாதுகாப்பு கணக்கு இருக்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியா குறையும், 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம். காது களைச்சுப் போனா முதல்ல மேல் சுரங்கள்தான் மங்கும், நீங்க டிரெபிள் பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஏத்துவீங்க, மறுநாள் காலைல கேட்டா ஊசி மாதிரி குத்தும். பேசினா பக்கத்துல இருக்கறவங்களுக்கு கேக்கணும், அந்த அளவு சத்தம் போதும், நடுவுல எழுந்து வெளிய போயிட்டு வாங்க. காதுல கொய்ங்குன்னு சத்தம் வந்தா அன்னைக்கு அதோட நிறுத்திடுங்க ப்ளீஸ், போன கேட்கும் திறன் திரும்ப வராது, என் தொழில்லயே அப்படி இழந்தவங்கள பாத்திருக்கேன்.

கடைசியா பேட்ச் எல்லாத்தையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு மிதிச்சு சத்தம் சமமா இருக்கான்னு பாருங்க, கிளீன்ல இருந்து டிஸ்டார்ஷனுக்கு போகும்போது திடீர்னு எகிறினா நான் மிக்சர்ல உங்க ஃபேடரை (சத்தத்தை கூட்டிக் குறைக்கிற தள்ளுபட்டன்) இறக்கிடுவேன், அப்புறம் உங்க கிளீன் யாருக்கும் கேக்காது. சவுண்ட் செக்ல என்கிட்ட வந்ததும் இருக்கறதுலயே சத்தமான பேட்சை முதல்ல வாசிங்க, நான் அதுக்குத்தான் கெய்ன் (மிக்சருக்குள்ள வர்ற சிக்னலோட அளவு) வைப்பேன்.