"அஜினோமோட்டோ போடலைன்னு சொன்னாங்களே டாக்டர்!"

முகம் வீங்கி, தொண்டை அடைத்து, பிரஷர் எண்பதுக்குக் கீழே இறங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். சாப்பிட்டது புதிதாகத் திறந்த, தலைக்கு மூவாயிரம் ரூபாய் ஆகிற ஏசியன் ரெஸ்டாரண்டில். கூட வந்தவர் சொல்லும் முதல் வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை: "அஜினோமோட்டோ சேர்க்க மாட்டீங்கல்லன்னு கேட்டுட்டுத்தான் டாக்டர் ஆர்டர் பண்ணோம்."

இறால் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னீர்களா? "இறாலே வாங்கலையே. சிக்கன் க்ரீன் கறியும் ரைஸும்தான்."

தாய்லாந்து க்ரீன் கறியின் விழுதில் பச்சை மிளகாய், லெமன்கிராஸ், இஞ்சி போன்ற கலங்கல் கிழங்கு இவற்றோடு 'கப்பி' என்ற இறால் விழுதும் சேர்த்துத்தான் அரைப்பார்கள். நம்மூர்ச் சந்தையில் விற்கும் சென்னாக்கூனியின் உறவுக்காரப் பொடி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து இடித்தது அது. கறிக்குள் போனபின் கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் தேங்காய்ப்பாலில் அடங்கிவிடும். கேட்க வேண்டியது அதை. கேட்டதோ அஜினோமோட்டோவை.

இந்த அஜினோமோட்டோ பயத்தைப் பற்றி ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன், இனியாவது ஓபியில் நேரம் மிச்சமாகட்டும். 1908-இல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அதன் சோடியம் உப்புதான் எம்எஸ்ஜி. அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது, அந்த வணிகப் பெயர்தான் அஜினோமோட்டோ. இதே குளுட்டமேட் தக்காளியில் இருக்கிறது, நாள்பட்ட சீஸில் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. உடம்புக்கு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பழி விழுந்தது 1968-இல். அமெரிக்காவில் இருந்த ஒரு மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டபின் பிடரியில் மரமரப்பும் படபடப்பும் வருவதாக நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சோயா சாஸாக இருக்கலாம், சமையல் ஒயினாக இருக்கலாம், எம்எஸ்ஜியாக இருக்கலாம், உப்பு அதிகமானதாலும் இருக்கலாம் என்றுதான் அதில் ஊகித்திருந்தார். உலகம் எம்எஸ்ஜியை மட்டும் பிடித்துக்கொண்டது. பிறகு, கொடுப்பது எது என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாத முறையில் சோதனைகள் நடந்தன. வெறும் வயிற்றில் 3 கிராமுக்கு மேல் மொத்தமாகக் கொடுத்தபோது சிலருக்குத் தலைவலி, மரமரப்பு போன்ற லேசான தொந்தரவுகள் வந்தன. அதே ஆளுக்கு மறுபடி கொடுத்தால் அதே மாதிரி வரவில்லை. சாப்பாட்டோடு கொடுத்தபோது அதுவும் இல்லை.

சரி, சிலருக்குத் தலை வலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் இவை ஒன்றாக வந்தால் அது அனாஃபிலாக்ஸிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. உணவால் வரும் அனாஃபிலாக்ஸிஸ் பெரும்பாலும் ஏதோ ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பு உருவாக்கிய ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளால் வருவது. குளுட்டமேட் ஒற்றை அமினோ அமிலம், புரதமே அல்ல. தப்பான ஆளைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, உண்மையான குற்றவாளியை மறுபடி தட்டில் பரிமாற விடுகிறோம் என்பதுதான் என் கோபம். மெனுவில் 'நோ எம்எஸ்ஜி' என்று போட்டிருந்தால் அது உங்கள் அலர்ஜியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எம்எஸ்ஜியைப் பற்றியும் பெரிதாகச் சொல்லவில்லை. சோயா சாஸ், ஃபிஷ் சாஸ் இரண்டிலும் குளுட்டமேட் இயற்கையாகவே நிறைந்திருக்கிறது, கடையில் வாங்கும் ஆய்ஸ்டர் சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் எம்எஸ்ஜி எழுதியே இருக்கும்.

இனி விஷயத்துக்கு. மேசையில் கண்ணுக்குத் தெரியாமல் வருபவை இவை. தாய் ரெட் கறியிலும் இறால் விழுது உண்டு. டாம் யம் சூப்பில் கலக்கும் மிளகாய் விழுதில் பெரும்பாலும் உலர்ந்த இறால் சேரும். மலேசிய, இந்தோனேசிய சம்பலில் பெலச்சான், அதாவது அதே இறால் விழுது. கிம்ச்சியில் உப்பிட்ட இறாலும் ஃபிஷ் சாஸும். எக்ஸ்ஓ சாஸில் உலர்ந்த ஸ்காலப்பும் இறாலும். பாட் தாய் நூடுல்ஸில் இறாலும் வேர்க்கடலையும் சேர்ந்தே வரும். சாத்தே சாஸ் முழுக்க வேர்க்கடலை, மசமன் கறியிலும் அது உண்டு. ஜப்பானிய மிசோ சூப்பின் அடிப்படையான தாஷி பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன் சீவலில் எடுப்பது (சைவர்களே, வெறும் டோஃபு மிதக்கிறது என்று நம்பிக் குடிக்காதீர்கள்). சோயா சாஸில் சோயாவோடு கோதுமையும் இருக்கும். ஹொய்சின் சாஸில் சோயாவோடு எள் இருக்கும். எள்ளெண்ணெயைச் சமைத்து முடித்தபின் மேலே சொட்டுவார்கள், அதனால் "எண்ணெய் என்ன போடுறீங்க" என்று கேட்டால் "சன்ஃப்ளவர்" என்ற பதில்தான் வரும்.

இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெரும்பாலும் நண்டும் சிங்கி இறாலும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குக் கணவாயும் மட்டியும்கூட. டிரோப்போமயோசின் என்ற புரதம்தான் இதற்கெல்லாம் பொது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது சாகாது. "நல்லா வெந்தா ஒண்ணும் பண்ணாது" என்பது கிருமிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. மீன் அலர்ஜி வேறு, இறால் அலர்ஜி வேறு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று அர்த்தமில்லை. இறால் அலர்ஜிக்கும் சிடி ஸ்கேனில் போடும் அயோடின் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. இதையும் நம் ஆட்களே இன்னும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள், என்ன செய்ய.

உங்கள் தட்டில் இறால் இல்லாவிட்டாலும் சட்டியில் இருந்திருக்கும். வோக் என்ற அந்தக் குழிச் சட்டியை ஒரு ஆர்டருக்கும் அடுத்ததற்கும் இடையில் சோப்புப் போட்டுக் கழுவ மாட்டார்கள், எண்ணெய் ஏறிப் பதமான பரப்பு போய்விடும். ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் நாலு சுழற்று சுழற்றிக் கொட்டிவிட்டு அடுத்த ஐட்டத்தை ஆரம்பிப்பார்கள். சீனச் சமையலில் இறால், சிக்கன், காய் எல்லாவற்றையும் முதலில் எண்ணெயில் ஒரு முக்கு முக்கி எடுப்பது வழக்கம், அந்த எண்ணெய் இரவு முழுக்க ஒரே எண்ணெயாக இருக்கலாம். டிம் சம் மூங்கில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆவியில் வைக்கிறார்கள். மேல்தட்டில் இறால் டம்ப்ளிங், கீழ்த்தட்டில் காளான் டம்ப்ளிங் என்றால் மேலே இருந்து சொட்டுவது எங்கே விழும்? டெம்புரா பொரிக்கும் ஃப்ரையரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். கடுமையான அலர்ஜி உள்ளவர்கள் கண்ணெதிரே இரும்புத் தகட்டில் சமைக்கும் டெப்பன்யாகி கவுண்டரில் உட்காரவே வேண்டாம், இறால் வேகும் ஆவியே சிலருக்குப் போதும்.

புதிய கடை என்றால் ஆபத்து ஒரு படி கூடுதல். மெனு வாராவாரம் மாறும், சாஸ் வாங்கும் சப்ளையர் மாறுவார், பரிமாறும் பையனுக்குப் பெயர்கள்தான் மனப்பாடமாகி இருக்கும், சேர்மானம் தெரியாது. சட்டம் காப்பாற்றும் என்றும் இருக்காதீர்கள். மெனுவில் அலர்ஜி விவரம் காட்ட வேண்டும் என்ற எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி, மத்திய உரிமம் பெற்ற கடைகளுக்கும் பத்து அல்லது அதற்கு மேல் கிளை உள்ளவற்றுக்கும்தான். நேற்றுத் திறந்த ஒற்றைக் கடை, விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், இதில் வராமல் போகலாம். காட்ட வேண்டிய அலர்ஜிப் பொருட்களின் பட்டியலில் எள்ளும் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் பாக்கெட் உணவுகளில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், இங்கே இன்னும் இல்லை.

ஆகவே நீங்கள்தான் பேச வேண்டும். மாலை நாலிலிருந்து ஆறுக்குள் போன் செய்யுங்கள், அப்போதுதான் கிச்சனில் யாராவது நின்று பதில் சொல்வார்கள். சனிக்கிழமை எட்டரைக்குப் போய்ச் செஃபிடம் விசாரணை நடத்த முடியாது. மேசையில் உட்கார்ந்ததும் கேப்டனைக் கூப்பிடுங்கள். "சீஃபுட் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், அது உங்கள் விருப்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். "எனக்கு இறால், நண்டு அலர்ஜி. இறால் விழுது, ஆய்ஸ்டர் சாஸ்கூட ஆகாது. சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்" என்று முழுதாகச் சொல்லுங்கள். அதைக் கேஓடியில், அதாவது கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டில், எழுதச் சொல்லி, எழுதியதைப் பாருங்கள். கிச்சனில் சமைப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், வாய்வழிச் செய்தி மூன்று பேரைத் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும். கறி விழுது இங்கேயே அரைப்பதா, டப்பாவில் வருவதா என்று கேளுங்கள். டப்பா என்றால் லேபிளைப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள். "இருக்காதுன்னு நினைக்கிறேன் சார்" என்பது பதில் அல்ல. அந்த ஐட்டத்தை விட்டுவிடுங்கள். ஷேரிங் பிளேட் வைத்து ஒரே இடுக்கியால் எடுத்துப் போடும் மேசையில் உங்கள் தட்டை முதலில் எடுத்து ஒதுக்கி வையுங்கள். மதுவும் வலி மாத்திரையும் அலர்ஜியின் வேகத்தைக் கூட்டும். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் தயவுசெய்து அன்றைக்குப் போகவே வேண்டாம்.

வந்துவிட்டால்? அவில் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அது அரிப்பைக் குறைக்கும், மூடுகிற தொண்டையைத் திறக்காது. திறப்பது அட்ரினலின் ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5. சரியாகாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. ஆட்டோ இன்ஜெக்டர் பேனா நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஒருமுறை அனாஃபிலாக்ஸிஸ் வந்தவர்கள் உங்கள் மருத்துவரிடம் மருந்தும் சிரிஞ்சும் எழுதி வாங்கி, வீட்டில் இருவராவது போடப் பழகிக்கொள்ளுங்கள். 108-ஐ அழையுங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள். மயக்கமாக இருப்பவரை எழுப்பி வாஷ்ரூமுக்கு நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், அந்த நடையிலேயே பிரஷர் விழுந்து இறந்தவர்கள் உண்டு. தோலில் தடிப்பே இல்லாமலும் வரும், அதனால் தடிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். ஊசி போட்டுச் சரியானதும் பில்லைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகவும் கூடாது. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம், ஆஸ்பத்திரியில் இருங்கள்.

ஒரே மீனைச் சாப்பிட்ட நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து, சூடேறி, தலை வலித்தால் அது அலர்ஜி ஆகாமல் இருக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் பிடித்ததிலிருந்து ஐஸில் சரியாக இருக்காவிட்டால் சதையில் அலர்ஜி போலவே தொந்தரவு தரும் ஹிஸ்டமின் உருவாகிவிடும். சமைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. நாக்கில் மிளகு கடித்தது போல் சுருக்கென்று இருந்தால் அந்த சூஷியை அப்படியே வைத்துவிடுங்கள். இதற்கு அவில் கேட்கும். அந்தக் கடையைப் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யுங்கள், குடும்பத்தில் யாருக்கும் மீன் அலர்ஜி என்று முத்திரை குத்தாதீர்கள்.

தப்பி வந்தபின் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். சாப்பிட்ட ஐட்டங்கள், எத்தனை நிமிடத்தில் ஆரம்பித்தது, குடித்தது என்ன, போட்ட மாத்திரை என்ன என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து அலர்ஜி நிபுணரைப் பாருங்கள். தோல் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் வகை அலர்ஜி மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். அதற்குள் "எதுன்னு பார்த்துடலாம்" என்று வீட்டில் ரெண்டு இறாலை வறுத்துச் சாப்பிட்டுப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். அந்தச் சோதனையை ஆஸ்பத்திரியில், பக்கத்தில் அட்ரினலினை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் செய்வோம்.