அலைவாங்கி எதை அனுப்பும்?

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக ரேடியோ அலை வழியே ஒருவரோடொருவர் பேசுவது) உரிமத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காகத் தமிழில் தயாரித்த பாடத்தாள் ஒன்று போன மாதம் என் கைக்கு வந்தது. பிழை பார்த்துத் தரச் சொன்னார்கள். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ‘அலைவாங்கி மூலம் ஒலிபரப்பத் தொடங்கும் முன், அந்த அலைவரிசையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கவனிக்கவும்’ என்று போட்டிருந்தது. அறிவுரை நல்ல அறிவுரைதான். ஆனால் வாங்குகிற சாமானை வைத்துக்கொண்டு எப்படி ஒலிபரப்புவது? காதால் பேசு என்பது போலல்லவா இருக்கிறது!

ஆன்டெனாவை அலைவாங்கி என்று எழுதுவதை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். டிவிக்கு எழுதினால் பேசாமல் போய்விடுவேன். ஹாம்காரர்களுக்கான பாடத்திலேயே அதைப் பார்த்ததும் இந்த முறை பொறுக்கவில்லை.

முதலில் மூலச் சொல்லைச் சட்டென்று பார்த்துவிடுவோம். ஆன்டெனா லத்தீன் சொல். பாய்மரத்தில் பாயைக் கட்டுகிற குறுக்குக் கட்டைக்குப் பெயர். நம் அகராதிகளில் அதற்குப் பருமல் என்ற சொல் இருக்கிறது. கப்பல் கட்டை பூச்சியின் தலைக்குப் போனதுதான் வேடிக்கை. பூச்சித் தலையில் நீட்டிக்கொண்டிருப்பதை அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் கெராயா என்றார். கெராஸ் என்றால் கொம்பு, அதன் வழி வந்த சொல். அதே கெராயாவுக்குப் பாய்மரக் குறுக்குக் கட்டை என்றும் பொருள் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் விலங்கு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்த தியோடர் காசா, கட்டைக்குரிய லத்தீன் சொல்லையே பூச்சிக்கும் போட்டுவிட்டார். 1476இல் அது வெனிசில் அச்சாகி, அப்படியே நிலைத்தும் விட்டது. ரேடியோவுக்கு வந்தது மார்க்கோனி வழியாக. இத்தாலியில் நட்டுவைக்கிற கம்பத்துக்கும் ஆன்டெனா என்றே பெயர். 1895 வாக்கில் கம்பத்தில் கம்பியை ஏற்றிச் சோதனை செய்தபோது, கம்பத்தின் பெயர் கம்பிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர்கள் ஏரியல் என்றார்கள், நம் வீட்டுப் பெரியவர்களும் ஏரியல் என்றார்கள். அவ்வளவுதான் கதை.

கொம்பு, கட்டை, கம்பம் மூன்றுமே அந்தப் பொருள் பார்க்க எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் சொற்கள். அது செய்கிற வேலையை அவர்கள் யாரும் பெயருக்குள் திணிக்கவில்லை. நாம்தான் திணித்தோம், அதுவும் பாதி வேலையை.

ஏன் அப்படிச் செய்தோம் என்பதும் புரியாமல் இல்லை. நம்மில் பெரும்பாலோர் பார்த்ததெல்லாம் கேட்கிற ஆன்டெனாதான். வால்வு ரேடியோவுக்கு மாடியில் வலைப்பட்டையாக ஒன்று இழுத்துக் கட்டியிருப்பார்கள். அப்புறம் டிவி வந்தது. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின் நம் தென்கடலோர ஊர்களில் அதைப் பிடிப்பதற்காகவே வீட்டுக்கு வீடு உயரமான குழாய்களில் ஆன்டெனா ஏறியது. காற்றடித்துத் திரும்பிக்கொண்டால் ஒருவர் மாடியில் நின்று திருப்புவார், கீழே இருந்து ‘வருது, வருது, போச்சு’ என்று குரல் வரும். அந்த ஆன்டெனா வாழ்நாள் முழுக்க வாங்கியதே தவிர எதையும் கொடுத்ததில்லை. ஆகவே அலைவாங்கி என்பது கேட்பவர்கள் வைத்த பெயர். பேசுகிறவர்களுக்கு அது பொருந்தாது.

சொல் பிழையானால் என்ன, விஷயம் புரிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். விஷயமே புரியாமல் போகிறது, அதுதான் என் வழக்கு. பாருங்கள்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், வியூ3யில் தொடங்கும் அழைப்புக்குறி (ஹாம் நிலையத்தின் அடையாளப் பெயர்) வாங்கி ஆறு மாதம் ஆகிறது. டிஎக்ஸ் பைத்தியம் பிடித்த புதிது. டிஎக்ஸ் என்றால் தொலைவில் உள்ள நிலையங்களைத் தேடிப் பிடித்துப் பேசுவது. நூறு நாடுகளையாவது பேசி, உறுதிச்சீட்டும் வாங்கிவிட்டால் டிஎக்ஸ்சிசி என்கிற சான்றிதழ் உண்டு. அந்தப் பட்டியலில் இன்றைக்கு 340 இடங்கள். (தனித் தீவுகளும் நாடாகவே கணக்கு. நம் அந்தமானும் லட்சத்தீவும் இந்தியாவிலிருந்து பிரித்தே எண்ணப்படும்.) பையன் 14 மெகாஹெர்ட்ஸில் (20 மீட்டர் பட்டை என்பதும் இதுதான்) மாலை முழுக்க உட்கார்ந்து ஐரோப்பாவைக் கூப்பிடுகிறான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தான்.

“சார், ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டுடலாமா?”

“ஆன்டெனா எப்படிக் கட்டியிருக்க?”

“அலைவாங்கி பிரச்சினை இல்ல சார். இத்தாலி, ரஷ்யா எல்லாம் கணீர்னு வாங்குது. அனுப்புறதுதான் போக மாட்டேங்குது.”

பார்த்தீர்களா? வாங்கி நன்றாக வாங்குகிறது, எனவே வாங்கியில் கோளாறு இல்லை. சொல்லே அவனுக்குத் தர்க்கம் போட்டுக் கொடுத்துவிட்டது.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். 10 மீட்டர் நீளத்துக்குச் சரியாக வெட்டிய டைபோல் (நடுவில் கேபிள் சேர்த்த இரண்டு கம்பி), கைப்பிடிச் சுவரிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மொட்டை மாடித் தளத்திலிருந்து 3 மீட்டர்கூடத் தேறாது. அந்த உயரத்தில் 20 மீட்டர் பட்டை டைபோல் பெரும்பகுதிச் சக்தியை நேரே வானத்தைப் பார்த்து அனுப்பும், கொஞ்சத்தைக் கீழே கம்பி போட்ட கான்கிரீட் தின்றுவிடும். ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகக் கிளம்ப வேண்டும். நடுவில் இணைப்புக் கேபிளின் கனெக்டரைப் பிரித்தால் போன மழைத் தண்ணீர் பச்சைப் பச்சையாகப் பூத்திருக்கிறது.

அப்படியானால் நன்றாகக் கேட்டது எப்படி? இதுதான் புதியவர்களை ஏமாற்றும் இடம். 14 மெகாஹெர்ட்ஸ் மாதிரி சிற்றலையில் இரைச்சல் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. மட்டமான ஆன்டெனா, குரலைக் குறைக்கிற அளவுக்கு இரைச்சலையும் குறைத்துவிடும். இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்கு எதிர்முனையில் இருப்பவர் பெரிய யாகி (ஒரு திசையைப் பார்க்கிற, பல தண்டு ஆன்டெனா) வைத்து, ஆயிரம் வாட்டில் பேசுபவராக இருப்பார். நாம் அனுப்பும்போது கதை வேறு. நம் பக்கம் கரைந்துபோன சக்தியை அவருடைய ஊர் இரைச்சல் தாட்சண்யம் பார்த்துக் குறைத்துக்கொள்ளுமா? நம் குரல் மட்டும் அடியில் போய்விடும்.

ஆம்ப்ளிஃபயர் கதையையும் சொல்லிவிடுகிறேன். சக்தியை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். வந்து சேர்கிற அலையின் வலுவைக் காட்டுகிற எதிரில் இருப்பவருடைய எஸ் மீட்டரில் அது அரைப் புள்ளி. ஒரு முழுப் புள்ளிக்கு நான்கு மடங்கு சக்தி வேண்டும். மேலும் அந்தப் பையனின் ரெஸ்ட்ரிக்டட் (தொடக்கநிலை) உரிமத்துக்கு 50 வாட்டுதான் வரம்பு. ஆனால் மூன்று தண்டு யாகி ஒன்றை ஏற்றினால், அது பார்க்கிற திசையில் மூன்று மடங்குக்கு மேல் சக்தி கூடினாற்போல் ஆகும். அந்தக் கூடுதல் அனுப்பும்போதும் உண்டு, கேட்கும்போதும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் வாய்க்கு மட்டும் ஊட்டச்சத்து, ஆன்டெனா வாய்க்கும் காதுக்கும். ஹாம்காரர்கள் பணத்தை முதலில் ஆன்டெனாவில் போடு என்று தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்வது இதனால்தான். இந்த அடிப்படையையே பெயரால் மறைத்துவிட்டு அப்புறம் பாடம் நடத்தி என்ன பயன்?

சரி, அலைவாங்கி வேண்டாம், வேறென்ன? ‘அலைபரப்பி’ என்று ஒருவர் எழுதினார். பழைய பிழையைத் தலைகீழாகக் கவிழ்த்தது, வேறொன்றுமில்லை. ‘அலைவாங்கிபரப்பி’ என்று வேறொருவர். இதைச் சொல்லி முடிப்பதற்குள், சிற்றலையை வானத்திலிருந்து திருப்பி அனுப்புகிற அயனமண்டலமே மாறிவிடும். ‘அலைக்கம்பி’ காதுக்கு இதமாக இருக்கிறது, கம்பி ஆன்டெனாவுக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் அலுமினியக் குழாயில் செய்த யாகியை, மாடியில் உட்கார்ந்திருக்கும் டிஷ்ஷை, போனுக்குள் தகடாகப் படிந்திருப்பதைக் கம்பி என்பதா?

‘அலைக்கம்பம்’தான் வலுவான போட்டி. நல்ல தமிழ், மார்க்கோனியின் கம்பத்துக்கும் பக்கத்தில் வருகிறது, பலர் எழுதவும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உள்ள சங்கடம் நடைமுறை சார்ந்தது. எங்கள் வேலையில் கம்பம் வேறு, அதன் மேல் இருக்கிற ஆன்டெனா வேறு. ‘கம்பம் சாய்ந்துவிட்டது, ஆன்டெனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல வேண்டிவரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மேலே ஏறி நிற்கிறவனுக்குக் கீழே இருந்து என்னவென்று கத்துவது? தென்னைக்கும் வேம்புக்கும் நடுவில் கட்டிய டைபோலில் கம்பமே கிடையாது, அங்கே இந்தப் பெயர் என்ன செய்யும்?

பூச்சிக்குப் பள்ளிப் பாடத்தில் உணர்கொம்பு என்கிறார்கள். அழகான சொல். அதையே ரேடியோவுக்கும் சிலர் எடுத்து ஆள்கிறார்கள். உணர்தல் என்றாலும் வாங்குவதுதான், எனவே மறுபடியும் பாதி. ஆனால் பின்பாதியை விட்டுவிடாதீர்கள். கிரேக்கன் சொன்னதும் கொம்புதானே! மாட்டின் தலையில் இருப்பது கொம்பு. மரத்தின் கிளை கொம்பு. கொடி படர ஊன்றுகிற கோல் கொழுகொம்பு. கோயில் திருவிழாவில் ஊதுவதும் கொம்பு, அது ஓசையை வாங்காது, ஊருக்கெல்லாம் அனுப்பும். இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கெராயா என்ற அதே கிரேக்கச் சொல் எழுத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற சிறு கோட்டுக்கும் பெயர். நாம் ‘கெ’வுக்கு ஒற்றைக் கொம்பு, ‘கே’வுக்கு இரட்டைக் கொம்பு என்று போடவில்லையா? இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியே ஒரே வழியில் யோசித்திருக்கிறார்கள். அலைக்கொம்பு என்று வைத்தால் வடிவம் வந்துவிடுகிறது, அனுப்புவதா வாங்குவதா என்ற பஞ்சாயத்தும் இல்லை. மூன்று தண்டு யாகி மூன்று கிளைக் கொம்பு, துணைக்கோளைப் பார்க்கிற டிஷ் கிண்ணக் கொம்பு, கட்டிக்கொண்டே போகலாம்.

சிரிப்பு வருகிறது, தெரியும். உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று என் நண்பர்களே கேட்டாயிற்று. முளைத்துத்தான் இருக்கிறது, மாடியில். கூரியர் கொண்டுவருகிற தம்பி எங்கள் தெருமுனையில் வழி கேட்டால், கடைக்காரர் சொல்கிற அடையாளம் ‘கொம்பு வச்ச வீடு’. அவரிடம் நான் எந்தச் சொல்லாக்கமும் எடுத்துச் சொன்னதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் ஒருநாள், ஒரே நாள், எங்களோடு மாடியில் நின்றால் பாதிச் சிக்கல் தீரும். பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்ப்பதால் வருகிற வினை இது. அந்தப் பாடத்தாளிலேயே ஆன்டெனாவின் கெயின் (ஒரு திசையில் சக்தி கூடினாற்போல் ஆகிற அளவு) ‘ஆதாயம்’ ஆகியிருந்தது, நகைக்கடைச் சீட்டு மாதிரி. சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுகிற டம்மி லோடு ‘போலிச் சுமை’. ஓர் அரிய நிலையத்தை நூறு பேர் ஒரே நேரத்தில் மொய்த்துக் கூப்பிடுவதைப் பைல்அப் என்போம். அது ‘குவியல்’ என்று வந்திருந்தது. அதற்கு நம்மிடம் மொய்ப்பு என்ற சொல் சும்மாதான் கிடக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து பேசியபோது உலகமே மொய்த்ததே, அது குவியலா? 26ஆம் தேதி சுனாமி அடித்தபின் அதே ஆன்டெனாக்கள்தான் தீவிலிருந்து செய்தியை வெளியே அனுப்பின. வாங்கிகள் அனுப்பின என்று எழுதிப் பாருங்கள்.

தெரியாத சொல்லைப் பிடித்துக்கொண்டு திண்டாடுவது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்று ஓர் ஆறுதல். யாகி ஆன்டெனாவை 1926இல் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும். 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர் கையில் ஒரு பிரிட்டிஷ் ரேடார்க் குறிப்பேடு சிக்கியது. அதில் திரும்பத் திரும்ப ‘யாகி’ என்று வருகிறது. எந்த மொழிச் சொல், எப்படி உச்சரிப்பது என்றே அவர்களுக்குப் புரியவில்லையாம். கடைசியில் கைதியாக இருந்த ஆங்கிலேயரிடம் கேட்டிருக்கிறார்கள். அது உங்கள் ஊர்ப் பேராசிரியரின் பெயர் என்று அவர் சொன்னாராம்.

பையனின் டைபோலை வேப்ப மரத்துக்கு மாற்றினோம். தூண்டில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி உண்டிவில்லால் அடித்து, நாலாவது முறையில் கயிறு மேல் கொம்பைத் தாண்டி விழுந்தது. தரையிலிருந்து 10 மீட்டர் இருக்கும். புதுக் கனெக்டர், அதன் மேல் நீர் புகாத நாடா. அதே 50 வாட்டில் அன்று இரவு இத்தாலிக்காரர் ஒருவர் இரண்டாவது அழைப்பிலேயே எடுத்தார்.

பாடத்தாளில் எல்லா இடத்திலும் அலைவாங்கியை அடித்து அலைக்கொம்பு என்று எழுதிக் கொடுத்தேன். திருத்திய படி நேற்று வந்தது. எல்லா இடத்திலும் அலைக்கொம்பு இருக்கிறது, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘அலைவாங்கி’. பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமாம்.