சார்ட்னா விளக்கப்படம் இல்லீங்க, பாட்டு வரிசை

போன வாரம் தம்பி பொண்ணு ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பியிருந்தா. பழைய ரேடியோ நிகழ்ச்சிகளைப் பத்தின ஒரு டாக்குமெண்டரிக்கு தமிழ் சப்டைட்டில் போடுற வேலை, "பெரியப்பா, ஒரு தடவை பார்த்துக் கொடுங்க"ன்னு கேட்டா. நாலாவது வரியிலயே நின்னுட்டேன். "இப்பாடல் விளக்கப்படத்தில் பதினொரு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது." விளக்கப்படத்துல பாட்டு எப்படிம்மா இருக்கும்னு போன் போட்டுக் கேட்டா, "சார்ட்டுக்கு அகராதில அதுதானே பெரியப்பா இருக்கு"ங்கறா. அவ மேல தப்பில்ல, அகராதில அதுதான் இருக்கு. ஆனா இதே வார்த்தைய நான் இதுக்கு முன்னாடி எத்தனை இடத்துல பார்த்துட்டேன், மேல்நாட்டுப் பாடகர் யாரைப் பத்தி தமிழ்ல படிக்கப் போனாலும் பில்போர்டு விளக்கப்படம், இங்கிலாந்து ஒற்றையர் (சிங்கிள்ஸ்) விளக்கப்படம்னு வரிசையா வருது, அதனால இன்னைக்கு இத எழுதியே தீரணும்னு உட்கார்ந்துட்டேன்.

முதல்ல சொல்லோட கதைய சட்டுனு முடிச்சிடுறேன். சார்ட்ங்கறது பிரெஞ்சு வழியா, லத்தீன் வழியா கிரேக்கத்துல இருந்து வந்த சொல், அங்க 'கார்த்தேஸ்'னா பாப்பிரஸ் தாள். கார்டு, கார்ட்டூன், அட்டைப்பெட்டிக்குச் சொல்ற கார்ட்டன் எல்லாம் அதே வேர்தான். அதே கிரேக்கச் சொல் அரபில கிர்தாஸ் ஆகி, போர்த்துகீசியத்துல கார்த்தாஸ் ஆகி, கப்பலேறி நம்ம கரைக்கு வந்து கடுதாசி ஆயிடுச்சு. இலங்கைத் தமிழர்கள் இன்னைக்கும் பேப்பரைக் கடதாசின்னுதான் சொல்றாங்க. ஆக சார்ட்டும் கடுதாசியும் ஒண்ணுவிட்ட சொந்தம். அடிப்படைப் பொருள் எழுதின தாள், அவ்வளவுதான். மாலுமி கையில இருந்தா அது கடல் வரைபடம், பள்ளிக்கூடச் சுவர்ல மாட்டினா விளக்கப்படம், ஜோசியர் போட்டா ராசிக் கட்டம். தாள்ல என்ன இருக்குங்கறத வச்சுத்தான் தமிழ்ப் பேர் வரும்.

அப்ப பாட்டு சார்ட்ல என்ன இருந்துச்சு? படம் இல்ல, கோடு இல்ல, வட்டத்த வெட்டிக் கலர் அடிச்சதும் இல்ல. பேர் மட்டும்தான், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. அமெரிக்காவுல பில்போர்டு பத்திரிகை 1940 ஜூலைல கடைகள்ல விக்கிற இசைத்தட்டுகளை எண்ணி பட்டியல் போட ஆரம்பிச்சாங்க, 1958 ஆகஸ்ட்ல ஹாட் 100 வந்துச்சு. இங்கிலாந்துல 1952 நவம்பர் 14 அன்னைக்கு நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகைல முதல் பட்டியல் வந்தது, அங்க பெர்சி டிக்கின்ஸ்ங்கறவர் கிட்டத்தட்ட 20 ரெக்கார்டு கடைகளுக்கு போன் போட்டு, எது நல்லா போகுதுன்னு கேட்டு, எழுதிக் கூட்டி 12 இடம் போட்டார். முதல் இடம் பாடகர் அல் மார்ட்டினோவுக்கு. 20 கடைக்கு போன் போட்டு எழுதின கடுதாசி, அதுக்குப் பேர் விளக்கப்படமா? எத விளக்குது அது?

நம்ம ஊர்லயே பாருங்க, ரயில் கிளம்புறதுக்கு முன்னாடி "சார்ட் போட்டாச்சா, நம்ம டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா"ன்னு கேட்காத ஆள் உண்டா. அந்த சார்ட்டும் பேர்ப் பட்டியல்தான். அத யாராவது "விளக்கப்படம் தயாராகிவிட்டதா"ன்னு கேட்டா பக்கத்துல நிக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். வட்ட விளக்கப்படம்னு கணக்குப் புத்தகத்துல வர்றது நல்ல சொல், அதன் இடத்துல அது சரி, நான் அதுக்கு எதிரி இல்ல.

விளக்கப்படம் வெறும் தப்பு, அதோட சண்டை போட ரொம்ப நேரம் வேண்டாம். என்னோட உண்மையான வழக்கு இன்னொரு சொல்லோட, தரவரிசை. கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்க, விளக்கப்படம் தப்புன்னு புரிஞ்சவங்க எல்லாம் போய் நிக்கிறது அங்கதான். "இசைத் தரவரிசையில் முதலிடம்." கேட்க கம்பீரமா இருக்கு, செய்திலயும் நிறைய வருது, அதனாலதான் இது ஆபத்து. கிரிக்கெட்டுக்கு தரவரிசை சொல்லுங்க, அங்க ஆடின ஆட்டத்துக்குப் புள்ளி இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு தரவரிசைப் பட்டியல் சொல்லுங்க, அங்க மார்க் இருக்கு. அளந்தது தரமோ இல்லையோ, தரத்த அளக்கிறோம்னு சொல்லித்தான் அந்தப் பட்டியல் போடுறாங்க. பாட்டு சார்ட் எப்பவாவது அப்படிச் சொல்லிச்சா? அது இந்த வாரம் எத்தனை தட்டு வித்துச்சு, எத்தனை தடவை ரேடியோல போட்டாங்க, எத்தனை நேயர் கேட்டாங்கங்கறது மட்டும்தான். நல்ல பாட்டா கெட்ட பாட்டான்னு சார்ட்டுக்குத் தெரியாது, தெரியணும்னு அது நினைச்சதும் இல்ல.

இதுக்கு 1991-அ விட நல்ல சாட்சி வேண்டாம். அதுவரைக்கும் அமெரிக்காவுல கடைக்காரங்க கிட்ட "எது நல்லா விக்குது"ன்னு கேட்டுத்தான் பட்டியல். கடைக்காரர் தனக்குத் தெரிஞ்ச பாட்டைச் சொல்வார், தன் கடைக்கு வர்ற கூட்டத்த வச்சுச் சொல்வார், கம்பெனிக்காரன் சொல்லச் சொன்னதையும் சொல்வார். அந்த வருஷம் சவுண்ட்ஸ்கேன்னு ஒண்ணு வந்து, பில் போடுற இடத்துல பார்கோடை வச்சு நேரடியா எண்ண ஆரம்பிச்சாங்க. மே மாசம் ஆல்பம் பட்டியல் அதுக்கு மாறிச்சு. ஜூன்லயே என்.டபிள்யூ.ஏ-ங்கற ராப் குழுவோட ஆல்பம் முதலிடம், செப்டம்பர்ல கன்ட்ரிங்கற கிராமியப் பாணிப் பாடகர் கார்த் புரூக்ஸோட புது ஆல்பம் வந்த வாரமே முதலிடம். ராப், கன்ட்ரி எல்லாம் அதுக்கு முன்னாடியும் வித்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, எண்ணுற விதம்தான் மாறிச்சு. இப்ப தரவரிசைன்னு சொன்னா என்ன அர்த்தம் வருது? கடைல பார்கோடு மெஷின் வச்சதும் கறுப்பின இளைஞர்களோட பாட்டுக்கு தரம் வந்துடுச்சுன்னா? ஒரு சின்ன 'தர' முன்னாடி ஒட்டிக்கிட்டு எவ்வளவு பெரிய பொய்ய சொல்லுது பாருங்க.

அதுக்கும் முன்னாடி பேயோலா விவகாரம். ரேடியோல தட்டு போடுறவங்களுக்கு ரெக்கார்டு கம்பெனிகள் கையில காசு கொடுத்து, இந்தப் பாட்டை அடிக்கடி போடுன்னு சொன்னது வெளிய வந்து, 1960-ல அமெரிக்க நாடாளுமன்றத்துல விசாரணையே நடந்துச்சு. ராக் அண்ட் ரோல்ங்கற பேரை ஊர் பூரா பரப்பின ஆலன் ஃப்ரீடோட வாழ்க்கை அதுல போச்சு. ரேடியோல அதிகமா போட்டா பட்டியல்ல மேல ஏறும், ஏறினா இன்னும் அதிகமா போடுவான், அப்படிச் சுத்துற சக்கரம் அது. இதுக்கு தரம்னு பேர் வைக்க எனக்கு மனசு வரல.

சரி, பட்டியல்னு விட்டுடலாமேன்னு கேட்பீங்க. விடலாம், தப்பில்ல, நானே மேல பல தடவை எழுதிட்டேன். ஆனா மளிகைப் பட்டியலும் பட்டியல்தான், அதுல துவரம்பருப்பு முதல்ல இருக்கா உப்பு முதல்ல இருக்காங்கறது யாருக்கும் முக்கியமில்ல. பாட்டு சார்ட்ல உயிரே முன்னாடி பின்னாடிங்கறதுதான். அதுக்கு தமிழ்ல ஒரே சொல் இருக்கு, வரிசை. ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து ஏறுவரிசை, இறங்குவரிசைன்னு படிச்சோம், அங்க எண்களுக்கு யாரும் தரம் ஒட்டல. புறநானூறு 121-ல கபிலர் மலையமான் திருமுடிக்காரிகிட்ட சொல்றார், அள்ளிக் கொடுக்கிறது சுலபம், "வரிசை அறிதலோ அரிதே"ன்னு. உடனே ஒருத்தர் மடக்குவார், அங்க வரிசைன்னா தகுதிதானே, அப்ப நீ விரட்டின தரம் பின்வாசல் வழியா வந்துடுச்சேன்னு. ஒத்துக்கிறேன், அந்தக் காலத்துல அந்தப் பொருள் அதுக்குள்ள இருந்துச்சு, சீர்வரிசைங்கறதுல அந்த மரியாதை இன்னும் மிச்சம் இருக்கு. ஆனா ரேஷன் கடை வரிசைல நிக்கிறவங்களை யாரும் தகுதி பார்த்து நிறுத்தலயே. சும்மா வரிசைன்னா இன்னைக்கு இடம் மட்டும்தான். மரியாதை தர்றதும் தராததும் கேட்கிறவன் பாடு. எனக்கு வேண்டியதும் அதுதான். பாட்டு வரிசை. இந்த வாரப் பாட்டு வரிசை. அலைவரிசைல பாட்டு வரிசை கேட்டோம்னு சொல்லிப் பாருங்க, வாய்க்கு எவ்வளவு சுலபமா இருக்கு.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா, நான் அந்த வரிசைய கேட்டு வளர்ந்தவன். தூத்துக்குடில எங்க மாமா ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தார். கொழும்பு எங்களுக்கு மெட்ராஸை விடக் கிட்ட, சாயங்காலமானா கடல் தாண்டி அவ்வளவு தெளிவா வரும். இலங்கை வானொலியோட தமிழ்ச் சேவை எல்லாரும் கேட்பாங்க, ஆனா புதன்கிழமை ராத்திரி 8 மணிக்கு மட்டும் மாமா முள்ளைத் திருப்பிடுவார், பினாகா கீத்மாலா, வாராவாரம் வர்ற பாட்டு வரிசை. ஹிந்திப் பாட்டு, பேசுறது அமீன் சயானி. பம்பாய்ல ரெக்கார்டு பண்ணி, டேப்ப கொழும்புக்கு அனுப்பி, அங்க இருந்து ஷார்ட் வேவ்ல இந்தியாவுக்கே திரும்பி வரும். 1952-ல மத்திய மந்திரி கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோல சினிமாப் பாட்டைக் குறைச்சதும் ஜனங்க எல்லாம் சிலோனுக்கு முள்ளைத் திருப்பினாங்க, அந்த வருஷம் டிசம்பர்லதான் இது ஆரம்பிச்சது. 1957-ல ஆல் இந்தியா ரேடியோவோட சினிமாப் பாட்டுச் சேவை விவித் பாரதி வந்த பிறகும் கூட்டம் குறையல. 1989-ல நிகழ்ச்சியே விவித் பாரதிக்கு வந்துடுச்சு, 1994 வரைக்கும் ஓடிச்சு. சயானி 2024 பிப்ரவரில போயிட்டார், அன்னைக்கு ராத்திரி மாமா கடைல வர்ற ஈய வாசனை எனக்கு வந்துச்சு, சத்தியமா.

எங்க கடைல யாருக்கும் ஹிந்தி தெரியாது. ஆனா எனக்கு முதல்ல தெரிஞ்ச ஹிந்தி வார்த்தை பாயதான். அர்த்தம் தெரியாமலே, அந்தச் சொல் வந்தா அடுத்த பாட்டு வருதுன்னு தெரியும். பல வருஷம் கழிச்சு ஒருத்தர் சொன்னார், பாயதான்னா காலை வைக்கிற படின்னு. உடம்பு சிலிர்த்துடுச்சு எனக்கு. ஏன்னா அந்த மனுஷன் சயானி சார்ட்ட மொழிபெயர்க்கவே இல்ல. அகராதியப் புரட்டல. ஒரு பாட்டு வாரா வாரம் என்ன செய்யுதுன்னு பார்த்தார், ஏறுது, இறங்குது, அப்ப அது படி. உச்சில இருக்கிறது சோட்டி, அதாவது சிகரம். பல வாரம் நின்னு ஜெயிச்ச பாட்டுக்கு கிரீடம் வச்சு சர்தாஜ் கீத்னு பேர் கொடுத்தார். அமெரிக்காவுல 1970 ஜூலை 4 அன்னைக்கு ரேடியோல கேசி கேசம்ங்கறவர் 40-ல இருந்து ஒண்ணு வரைக்கும் எண்ணிக்கிட்டு வர ஆரம்பிச்சாரே, அவங்களுக்கு அது கவுண்ட் டவுன், எண் இறங்குது. சயானிக்கு அதே பயணம் ஏத்தம். ரெண்டும் சரிதான். ஆனா சனங்க மனசுல பாட்டு ஏறுறதுதானே தெரியும், எண் இறங்குறது யாருக்கு வேணும்.

நம்ம பழைய வானொலித் தமிழும் இப்படிப் பார்த்துச் சொன்னதுதான். இசைத்தட்டுன்னு ஒருத்தர் சொன்னாரே, ரெக்கார்டுங்கற சொல்லைப் பார்த்தா அது வரும்? பதிவுன்னுதான் வரும். அவர் பொருளைப் பார்த்தார், தட்டு மாதிரி இருந்துச்சு, இசை வந்துச்சு. நேயர்னு சொன்னவர் இன்னும் ஒரு படி மேல, கேட்கிறவன்னு சொல்லாம நேயம் உள்ளவன்னு சொல்லிட்டார். நேயர் விருப்பம்னு கேட்டா இன்னைக்கும் நெஞ்சு நெறையுது. இப்ப சிங்கிள்ஸ்னா ஒற்றையர். டென்னிஸ்ல ஒருத்தருக்கு ஒருத்தர் ஆடுறதுக்கு வச்ச பேரை, பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள 7 அங்குல சின்ன தட்டுக்குத் தூக்கி வச்சிட்டாங்க. சிங்கிள்னா என்னன்னு யாரையாவது கேட்டிருந்தா தனிப்பாட்டுன்னு அஞ்சு நிமிஷத்துல வந்திருக்கும். டிராக்னா தடம்ங்கறாங்க, "ஆல்பத்தின் மூன்றாவது தடம்"னு படிச்சா யானை போன தடமா டயர் போன தடமான்னு தெரியல, மூணாவது பாட்டுன்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்? ஆங்கிலத்த ஒதுக்கிட்டா தமிழ் வந்துடும்னு நினைக்கிறாங்க, வரல. வாசிக்கிறவன் மனசுக்குள்ள திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்திப் பார்த்துத்தான் புரிஞ்சிக்கிறான்னா அது யாருக்காக எழுதின தமிழ்? அதுக்கு டாப் டென்னே எழுதிடலாம், பேச்சுல நானும் அப்படித்தான் சொல்றேன், வெக்கமே இல்ல.

தம்பி பொண்ணுக்கு திருத்திக் கொடுத்துட்டேன். "இந்தப் பாட்டு பதினொரு வாரம் பாட்டு வரிசையில் முதலில் நின்றது." இன்னொரு இடத்துல 38-ஆவது இடத்துல விளக்கப்படத்துக்குள் நுழைந்ததுன்னு இருந்துச்சு, 38-ஆவதாக வரிசைக்கு வந்ததுன்னு போட்டேன். ஒற்றையர் எல்லாம் தனிப்பாட்டு ஆச்சு. கடைசியா பினாகா பத்தி ரெண்டு நிமிஷம் வருதாம், அங்க பாயதானுக்கு 'தரநிலை'ன்னு எழுதியிருந்தா. அத அடிச்சுட்டு படின்னு எழுதினேன். "வெறும் படின்னா போதுமா பெரியப்பா, சின்னதா இருக்கே"ன்னு கேட்டா. "மூணாம் படி, ரெண்டாம் படின்னு வாய்விட்டுச் சொல்லிப் பாரும்மா"ன்னேன். போன்லயே சொல்லிப் பார்த்தா. அப்படியே வச்சுக்கிட்டா.